புதுக் கணினி ஹேங் ஆகும்போது

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கோத்த மேசைக்கணினி முதல் சில வாரங்களில் செய்யும் கோளாறுகள் நான்கு வகைப்படும். திரை அப்படியே நின்றுபோவது ஒன்று. ஹேங் ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நீலத்திரையில் ஒரு பிழைக்குறியைக் காட்டிவிட்டு மறுபடி தொடங்குவது இன்னொன்று. விண்டோஸ் 11-இல் 2025 முதல் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது, ஆனாலும் நீலத்திரை என்ற பெயர் போகவில்லை. எந்த அறிவிப்பும் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆவது மூன்றாவது. பிளக்கைப் பிடுங்கியதுபோல ஒரேயடியாக அணைந்துபோவது நான்காவது. இந்த நான்கையும் ஒரே நோயாக எண்ணிக்கொண்டு பாகங்களை மாற்ற இறங்குவதில்தான் பலருக்குப் பணமும் வாரக்கடைசிகளும் கரைகின்றன. அணைந்துபோகும் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சூட்டையும். உறைந்துபோகும் கணினிக்கு அவை கடைசிச் சந்தேகமாகக்கூட இருக்கலாம்.

கோத்த கணினிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிராண்டட் கணினியில் அந்த மதர்போர்டும் அந்த ரேமும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து ஓடுவதைத் தயாரித்தவர் முன்பே சோதித்திருப்பார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் மதர்போர்டு, எதிர்க்கடையில் ரேம், இணையத்தில் கிராபிக்ஸ் கார்டு என்று சேர்த்த கணினியில் அந்தப் பாகங்கள் முதன்முதலாக ஒன்றையொன்று சந்திப்பது வீட்டு மேசையில்தான். ஒவ்வொன்றும் தனியே பழுதில்லாமல் இருக்கும். சேர்ந்தால் தகராறு வரும். இதோடு மின்னணுப் பாகங்களுக்கே உரிய ஓர் இயல்பும் சேர்கிறது. அவற்றின் பழுதுவீதத்தை வரைபடமாகப் போட்டால் குளியல்தொட்டியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல இருக்கும்: தொடக்கத்தில் உயரம், நடுவில் நெடுங்காலம் தாழ்வு, முதுமையில் மறுபடி உயரம். புதிது என்பதாலேயே ஒரு பாகத்தை நம்பிவிட முடியாது.

வன்பொருளைப் பலர் கடைசியாகத்தான் சந்தேகிப்பார்கள். மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டௌசர், வின்ஸ் ஆர்கோவன் மூவரும் சுமார் 10 லட்சம் வீட்டுக் கணினிகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பழக்கத்துக்கு எதிராகப் பேசுகிறது. வன்பொருள் காரணமாக ஒருமுறை விழுந்த கணினி, மறுபடி அதே காரணத்தால் விழும் வாய்ப்பு நூறு மடங்குவரை கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். குறித்த வேகத்துக்கும் குறைவாக ஓடிய கணினிகள், குறித்த வேகத்தில் ஓடியவற்றைவிட நம்பகமாக இருந்தன. “ஏதோ ஒரு தடவை ஆச்சு, விடு” என்று முதல் நீலத்திரையை ஒதுக்கிவிட முடியாது என்பது இதன் பொருள். அன்றே தேதியையும் நேரத்தையும் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வைப்பது, பிறகு வாங்கப்போகும் எந்தச் சோதனை மென்பொருளையும்விட உதவும்.

திரை நின்றுவிட்டால் ரீசெட் பொத்தானை அழுத்துவதற்கு முன் அரை நிமிடம் செலவிட வேண்டும். விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டி, அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்ப்பது மிகப் பழைய சோதனை, இன்றும் பயனுள்ளது. அந்த விளக்கை ஏற்றுவது விசைப்பலகை தானாகச் செய்யும் வேலை இல்லை. விசை தட்டப்பட்ட செய்தி கணினிக்குள் போய், இயங்குதளம் “விளக்கை ஏற்று” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஆகவே விளக்கு மாறினால் பிராசசரும் இயங்குதளமும் உயிரோடு இருக்கின்றன, படம் மட்டும் நின்றிருக்கிறது. சந்தேகம் கிராபிக்ஸ் கார்டு பக்கம் திரும்பும். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் விசைகளோடு ‘பி’ (B) விசையையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். சில சமயம் படம் திரும்பிவிடும். விளக்கு மாறவே இல்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரே சத்தத்தில் சிக்கிக் கரகரக்கிறது என்றால் அது முழு உறைவு. ரேம், பிராசசர், மின்னழுத்தம் ஆகியவற்றின் வேலை அது. சுட்டி மட்டும் நகர்கிறது, எதைத் தட்டினாலும் திறக்கவில்லை, முப்பது நாற்பது விநாடி கழித்து எல்லாம் ஒரே மூச்சில் திறக்கிறது என்றால் எஸ்எஸ்டியிடமோ அதன் கேபிளிடமோ கேட்ட தரவு வந்து சேராமல் கணினி காத்திருந்திருக்கிறது.

மறுபடி இயங்கியதும் பார்க்க வேண்டியது இயங்குதளம் எழுதிவைத்த நாட்குறிப்பு. விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்ற நிரலைத் திறந்தால், விழுந்த நேரத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘கெர்னல்-பவர் 41’ என்றொரு சிவப்புக் குறிப்பு இருக்கும். இதில் ‘பவர்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியவர்கள் ஏராளம். அந்தக் குறிப்பு சொல்வதெல்லாம் “போனமுறை ஒழுங்காக அணைக்கப்படவில்லை” என்பதுதான். கணினி எழுந்த பிறகு எழுதப்பட்டது அது. ரீசெட் பொத்தானை அழுத்தினாலும் இதே குறிப்பு வரும். ‘வீயா-லாகர்’ என்ற பெயரில் வரும் குறிப்புகளுக்குத்தான் உண்மையில் எடை அதிகம். பிராசசர் தனக்குள்ளேயோ தரவுத் தடத்திலேயோ கண்ட வன்பொருள் பிழையை அது தானே சொல்லி எழுத வைக்கும் வாக்குமூலம் அது. எண் 18 என்றால் திருத்த முடியாத பிழை. 19 என்றால் திருத்தப்பட்ட பிழை, அதாவது கணினி விழவில்லை, ஆனால் விழப் பார்த்தது. 17 பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டோ எஸ்எஸ்டியோ இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தைச் சுட்டும்.

நீலத்திரை வந்தால் விண்டோஸ் அடைவில் மினிடம்ப் என்ற உறைக்குள் ஒரு சிறு கோப்பு சேரும். மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் வின்டிபிஜி நிரலில் அதைத் திறந்தால் பிழைக்குறியும், விழுந்த நேரத்தில் ஓடிய டிரைவரின் பெயரும் தெரியும். இங்கே ஒரு கோப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஐந்தாறு சேரட்டும், வரிசையாக வைத்துப் பார்க்கலாம். ஐந்திலும் ஒரே குறி, ஒரே டிரைவர் பெயர் என்றால் அந்த டிரைவரோ அது ஆளும் பாகமோ குற்றவாளி. திங்கள்கிழமை நினைவக மேலாண்மைப் பிழை, செவ்வாய்க்கிழமை ஒலி டிரைவர், வியாழக்கிழமை கோப்பு முறைமை, ஞாயிற்றுக்கிழமை வலையமைப்பு டிரைவர் என்று குறி ஊர் சுற்றினால், அந்த நான்கும் ஒரே வாரத்தில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லை. அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் பொதுவான ஒன்று, அதாவது ரேமோ பிராசசரோ, தவறான எண்களைத் தந்துகொண்டிருக்கிறது. மென்பொருள் பிழை ஒரே இடத்தில் தடுக்கி விழும். வன்பொருள் பிழை எங்கே வேண்டுமானாலும் விழும். கணினிக் கோளாறு ஆய்வில் இதைவிடப் பயன்படும் விதி வேறில்லை.

இந்த விதியை ஒரு பெரிய நிறுவனமே கசப்போடு கற்ற கதை உண்டு. 2000 ஜூலை இறுதியில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 பிராசசரை வெளியிட்டது. டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தை நடத்திய தாமஸ் பாப்ஸ்ட்டின் சோதனைகளில் அது நிலையாக ஓடவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை அதில் தொகுக்க முயன்றால் தொகுப்பு வேலை முடியவே இல்லை. அதே மூலநிரல் மற்ற பிராசசர்களில் சிக்கலின்றித் தொகுக்கப்பட்டதால் பிழை நிரலில் இல்லை என்பது உறுதியானது. ஆகஸ்ட் இறுதியில் இன்டெல் அந்தப் பிராசசரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய நிரலைத் தொகுப்பது இன்றும் நல்ல சோதனைதான். ரேமிலோ பிராசசரிலோ ஒரே ஒரு பிட் மாறினாலும் தொகுப்பான் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். விளையாட்டில் அதே பிழை ஒரு புள்ளியின் நிறம் மாறியதோடு போய்விடலாம்.

பாகங்களைக் கழற்றத் தொடங்குமுன் பயாஸ் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, பயாஸின் புதிய பதிப்பையும் போட்டுவிட வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு காரியம் தீர்த்துவைக்கும் கோளாறுகள் அதிகம். காரணம் பெரும்பாலும் ரேமின் வேகம். பெட்டியின்மேல் 3600 என்றோ 6000 என்றோ பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் ரேமின் இயல்பு வேகம் இல்லை. டிடிஆர்4 ரேம் 2133-இலும் டிடிஆர்5 ரேம் 4800-இலும் தொடங்குவதே வழக்கம். பெட்டியில் உள்ள வேகம் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை பயாஸில் இயக்கினால்தான் வரும். டிடிஆர்4 ரேமுக்கு இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி போட்டதும் அது பொதுவாக 1.35 வோல்ட்டுக்கு ஏறும். இன்டெல்லும் ஏஎம்டியும் இதை ஓவர்கிளாக் கணக்கில்தான் சேர்க்கின்றன. ரேம் அந்த வேகத்தைத் தாங்கும் என்று ரேம் தயாரித்தவர் சொல்கிறார். பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியும் மதர்போர்டின் செம்புத் தடங்களும் தாங்குமா என்று அவரால் சொல்ல முடியாது. எக்ஸ்எம்பியை அணைத்ததும் கோளாறு நின்றால் பாதி வழக்கு முடிந்தது. வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொண்டால் மீதியும் முடியும். 6000-க்கும் 5600-க்கும் உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியாது.

ரேம் குச்சிகள் எத்தனை, எந்த ஸ்லாட்டில் என்பதும் இதில் அடக்கம். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு குச்சி போடுவதானால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். தடத்தின் கடைசியில் உள்ள ஸ்லாட் வெறுமையாக இருந்தால் மின்சமிக்ஞை அந்த முனையில் மோதி எதிரொலிக்கும்; வேகம் கூடக்கூட அந்த எதிரொலி தரவைக் கெடுக்கும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் சுமை இன்னும் கூடும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள் இரண்டு டிடிஆர்5 குச்சிகளுக்கு 5200 வேகத்தை ஏற்கின்றன. நான்கு போட்டால் அந்நிறுவனமே குறித்திருக்கும் வேகம் 3600-க்கு இறங்கிவிடுகிறது. “32 ஜிபி இருக்கு, இன்னொரு 32 வாங்கிச் செருகிட்டா 64” என்ற கணக்கு தப்பாவது இங்கேதான். ஒரே நிறுவனம், ஒரே மாடல் எண் என்றாலும் தனித்தனிப் பெட்டிகளில் வந்த குச்சிகள் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை ஆகா. டிடிஆர்5 கணினியை முதன்முதல் இயக்கும்போது திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருப்பது மட்டும் கோளாறில்லை. மதர்போர்டு அப்போது ரேமின் நேரக்கணக்கை அளந்து பழகிக்கொண்டிருக்கிறது. பொறுமையில்லாமல் அந்த நேரத்தில் அணைத்தவர்கள் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

இயல்பு வேகத்திலும் கோளாறு தொடர்ந்தால் ரேமையே சோதிக்க வேண்டும். 16 ஜிபி ரேமில் ஏறத்தாழ 13,700 கோடி நுண் மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பிட்டைத் தாங்குகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கிறது. டிடிஆர்4-இல் 64 மில்லி விநாடிக்குள், டிடிஆர்5-இல் 32 மில்லி விநாடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவு வேகமாகும். காலையில் ஒழுங்காக ஓடும் கணினி மே மாதப் பிற்பகலில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிறிஸ் பிரேடி 1990-களில் எழுதிய மெம்டெஸ்ட்86 இன்றும் இதற்குரிய கருவி. யூஎஸ்பி குச்சியிலிருந்து இயங்குதளம் இல்லாமலே ஓடி, ரேமின் ஒவ்வொரு முகவரியிலும் பலவித எண்கோலங்களை எழுதித் திருப்பிப் படித்துப் பார்க்கும். எட்டு இடத்திலும் சுழியை எழுதியிருக்கிறது, திரும்பப் படித்தால் 00000010 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்; ஒரு பிட் தானாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு வரியாக இது திரையில் ஒருமுறை வந்தாலும் பழுதுதான்; “ஒண்ணே ஒண்ணுதானே” என்ற சலுகை கிடையாது. பிழை வந்தால் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தால் கெட்டது குச்சியா ஸ்லாட்டா என்பது பிரியும். பிழையே வராவிட்டால் முடிவு அத்தனை தெளிவில்லை. குறைந்தது நான்கு சுற்று, முடிந்தால் ஓர் இரவு முழுக்க ஓட விட வேண்டும். அப்படியும் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒருசேர உழைக்கும்போது மட்டும் வரும் பிழை இந்தச் சோதனையில் தப்பிவிடலாம்.

ரேமில் பிட் மாறினால் விண்வெளிக் கதிரின்மேல் பழிபோடுவது தொழில்நுட்ப வட்டாரத்தின் செல்லக் கதை. கதிர் பிட்டைப் புரட்டும் என்பதில் உண்மையும் உண்டு: சில்லுகளின் உறையில் இருந்த கதிரியக்கத் துணுக்குகள் வெளியிடும் ஆல்பா துகள்கள் பிட்டுகளைப் புரட்டுவதை 1970-களின் இறுதியிலேயே இன்டெல்லின் டிமோதி மேயும் முர்ரே வுட்ஸும் கண்டறிந்தார்கள். ஆனால் கூகுளின் வழங்கிகளில் இரண்டரை ஆண்டு திரட்டிய தரவை ஆராய்ந்து 2009-இல் வந்த கட்டுரை, ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ரேம் குச்சிகள் பிழை காட்டுவதையும், அவற்றில் பெரும்பான்மை கதிர் புரட்டும் தற்செயல் பிழையாக இல்லாமல் பாகத்தின் நிலையான பழுதாக இருப்பதையும் காட்டியது. வாரம் இருமுறை விழும் கணினிக்கு விண்வெளியிலிருந்து காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து மின்சாரம். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட் தடம் ஐந்து விழுக்காடு ஏறலாம், இறங்கலாம், 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்கும்வரை சரி. மென்பொருள் காட்டும் மின்னழுத்த எண்கள் பல சமயம் பிசகும் என்பதால் மல்டிமீட்டரை நம்புவதே மேல். அதுவும்கூட உண்மையான சிக்கலைப் பிடிக்காது, ஏனெனில் அந்தச் சிக்கல் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக வந்து போகிறது. 300 வாட் என்று குறித்த கிராபிக்ஸ் கார்டு சராசரியாகத்தான் 300 வாட் இழுக்கிறது. சில மில்லி விநாடிகளுக்கு அது இருமடங்கை எட்டிவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் சர்க்யூட் என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்ளும். விளையாட்டில் ஒரு பெரிய காட்சி ஏறும் கணத்தில் கணினி பட்டென்று இருண்டு, பின்பக்கச் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் எழுகிறது என்றால் பெரும்பாலும் நடந்தது இதுதான். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், குறித்த திறனின் இருமடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்பது இதற்காகவே.

கேபிள்களையும் பார்க்க வேண்டும். எட்டு முனை கிராபிக்ஸ் இணைப்பு ஒன்றின் அளவு 150 வாட். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குவதைப் பார்த்து இரண்டையும் ஒரே கார்டில் செருகினால் 300 வாட்டும் ஒரு கேபிளின் கம்பிகள் வழியாகப் போகும், மின்னழுத்தம் சரியும். கார்டுக்கு இரண்டு செருகி இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொண்டுவருவதே முறை. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. தலை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய் எஸ்எஸ்டியையோ மதர்போர்டையோ எரித்துவிடும், ஹேங் ஆவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சாது.

தமிழ்நாட்டு வீடுகளில் சுவருக்குப் பின்னாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் அறுபட்டால் எஸ்எம்பிஎஸ் தன் மின்தேக்கியில் உள்ளதைக் கொண்டு சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி. அந்த 16 மில்லி விநாடிக்குள் இன்வர்ட்டர் கைமாற்ற வேண்டும். வீட்டு இன்வர்ட்டரின் பின்புறம் நார்மல், யூபிஎஸ் என்று இரண்டு நிலை உள்ள ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மின்விசிறியும் விளக்கும் கவனிக்காத அந்த இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். மின்சாரம் முழுதாகப் போகாமல் கணநேரம் தாழ்ந்து எழுந்தாலும் இதே கதை. வீட்டில் யாரும் அதைப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டால் சுருசுருவென்று கடிப்பது வேறு கோளாறு, பிளக்கில் எர்த் இல்லை என்பதன் அடையாளம். கணினியைத் திறப்பதற்கு முன் அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

சூட்டைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. இன்றைய பிராசசர்கள் சூடு ஏறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர எளிதில் விழாது. ரைசன் 7000 வரிசை முழுச்சுமையில் 95 பாகை செல்சியஸைத் தொடுவதை ஏஎம்டியே இயல்பு என்கிறது. ஆகவே 90-ஐப் பார்த்துப் பதறத் தேவையில்லை. கணினியைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் 90-க்குப் பாய்ந்தால்தான் கவலை. அப்போது ஹீட்சிங்கின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டியிருக்கலாம். நான்கு திருகில் ஒன்று இறுகாமல் இருக்கலாம். மின்விசிறியின் இணைப்பு மதர்போர்டில் செருகப்படாமல் இருக்கலாம். முதல்முறை கணினி கோப்பவர்கள் அந்தத் தாளை மறப்பது எத்தனை சகஜமோ அத்தனை கூச்சத்தோடு ஒப்புக்கொள்ளப்படுவது.

பிராசசரையே குற்றம் சொல்வது நெடுங்காலம் அனுபவமின்மையின் அடையாளமாக இருந்தது. அதிகம் கெடாத பாகம் என்று அதற்குப் பெயர். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்கள் அந்த நம்பிக்கையைக் குலைத்தன. 2023 முடிவிலிருந்து 2024 வரை உயர்வகை ஐ7, ஐ9 பிராசசர் வைத்திருந்தவர்களின் கணினிகள் விளையாட்டைத் திறக்கும்போதே விழுந்தன. திரையில் வந்த செய்தி கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்றது. அதை நம்பிப் பலர் கிராபிக்ஸ் கார்டை மாற்றினார்கள். விளையாட்டு தன் கோப்புகளை விரிக்கும் வேலையைச் செய்தது பிராசசர். விரித்ததில் தவறு வந்ததும், தவறான எண்ணை வாங்கிய அடுத்த பகுதி தனக்குத் தெரிந்த பிழையைச் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் இன்டெல் காரணத்தை அறிவித்தது: பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறது. அந்த மிகை மின்னழுத்தமும் சூடும் கடிகாரச் சமிக்ஞையைப் பரப்பும் சுற்றைக் காலத்துக்கு முந்தி முதுமையாக்கின. நாளாக ஆக அதே வேகத்தில் ஓட மேலும் மின்னழுத்தம் தேவைப்பட்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்திய மைக்ரோகோடு பயாஸ் மேம்பாடாக வந்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. மேம்பாடு மேற்கொண்டு தேய்வதைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை மீட்காது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த வரிசையில் பயன்படுத்திய பிராசசரை மலிவாக வாங்கிக் கோப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சும்மா இருக்கும்போது மட்டும் விழும் கணினி இன்னொரு புதிர். முழுச்சுமைச் சோதனையை ஆறு மணிநேரம் தாங்கும். ஆவணத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காபி போடப் போனால் உறைந்திருக்கும். வேலை குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற எண்ணம்தான் இங்கே ஏமாற்றுகிறது. எல்லாக் கருக்களும் (கோர்களும்) உழைக்கும்போது பிராசசர் நடுத்தர வேகத்தில் ஓடும். ஒரே ஒரு கரு சிறு வேலைக்கு எழும்போதுதான் உச்ச வேகத்துக்குத் தாவும், உறக்கத்திலிருந்து உச்சத்துக்குப் போகும் அந்தக் கணத்தில் மின்னழுத்தமும் தாவ வேண்டும். சூட்டைக் குறைக்க மின்னழுத்தத்தைக் கையால் குறைத்து வைத்தவர்களின் கணினிகள் இந்த இடத்தில்தான் தடுக்கும். ரைசன் வந்த தொடக்கத்தில் சில கணினிகள் ஆழ்ந்த உறக்க நிலையிலிருந்து எழாமல் உறைந்ததற்கு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மிகவும் இறங்கிவிட்டதே காரணம். பல மதர்போர்டுகளின் பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்ற அமைப்பு அதற்காகவே சேர்ந்தது. அதில் ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்பதைத் தேர்ந்தால் உறக்கம் அத்தனை ஆழமாகாது.

கிராபிக்ஸ் கார்டு இரண்டு விநாடிக்குமேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரைத் தானே மறுபடி தொடங்கும். விஸ்டா காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. திரை கறுத்து, ஒரு கணத்தில் திரும்பி, விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டிருந்தால் இந்த ஏற்பாடு வேலை செய்திருக்கிறது. பழைய கார்டின் டிரைவர் எச்சங்களைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது முதல் படி. கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் செருகிப் பார்ப்பது இரண்டாவது. மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸுக்குச் செய்த ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டு தடுமாறும். பயாஸில் அந்தத் தடத்தை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் கோளாறு மறைவதைப் பார்க்கலாம். எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, ஈவன்ட் வியூவரில் எண் 129 குறிப்பு வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். சேட்டா வட்டு என்றால் கேபிளை மாற்றிவிடலாம், விலை அற்பம்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் கணினியைக் குறைத்துக்கொண்டே போவதுதான் வழி. மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து அதன் அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, பிராசசர், ஒரு ரேம் குச்சி, ஒரு எஸ்எஸ்டி, பிராசசரில் உள்ள கிராபிக்ஸ் வசதி ஆகியவற்றோடு மட்டும் ஓட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் கோளாறு நின்றால், கேபினெட்டில் தேவையில்லாத இடத்தில் மாட்டிய பித்தளைத் தாங்கி ஒன்று மதர்போர்டின் முதுகை உரசிக்கொண்டிருந்திருக்கலாம். அங்கிருந்து ஒரு தடவைக்கு ஒரு பாகமாகச் சேர்த்து வர வேண்டும். ரேமை மாற்றி, டிரைவரைப் புதுப்பித்து, கேபிளையும் திருப்பிச் செருகிவிட்டுக் கணினி சரியாகிவிட்டால் எது தீர்த்தது என்றே தெரியாது. உத்தரவாதத்தில் எதைத் திருப்பி அனுப்புவது என்றும் தெரியாது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை தற்செயலாக விழும் கணினி, எதுவுமே சரியாகாமல் இருந்தாலும், அடுத்த இரண்டு நாள் விழாமல் ஓட 37 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. நான்கு நாள் ஓட 14 விழுக்காடு, ஆறு நாள் ஓட 5 விழுக்காடு. சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் விழாமல் ஓடினால்தான் அந்த மாற்றம் வேலை செய்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். வாரம் ஒருமுறை விழும் கணினிக்கு அது மூன்று வாரம். அணைத்து வைத்திருந்த எக்ஸ்எம்பியை மறுபடி இயக்கிப் பார்ப்பதானால் அந்த மூன்று வாரம் கழிந்த பிறகு இயக்கலாம். அன்றைய தேதியும் அதே தாளில் ஏற வேண்டும்.